பிரதமரின் இல்லம் யாருடையது?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 59ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவர் வாடகை செலுத்தாமல் தம் அலுவல்முறை இல்லங்களைப் பயன்படுத்தலாம் என்கிறது. 158ஆம் உறுப்பு அதே உரிமையை ஆளுநருக்கு அளிக்கிறது. நாட்டின் ஆட்சியை உண்மையில் நடத்தும் பிரதமரைப் பற்றி இப்படி ஒரு வரி அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. அமைச்சர்களின் சம்பளம், படிகள் குறித்த 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அமைச்சருக்கும் பதவிக்காலம் முழுவதும், அதன்பின் ஒரு மாதமும், தளவாடங்களுடன் கூடிய வீட்டை வாடகையின்றி வழங்குகிறது. அச்சட்டத்தின் பார்வையில் பிரதமரும் ஓர் அமைச்சரே. அவருக்கு 'ஒரு வீடு' உண்டு. 'இந்த வீடு' என்று சட்டம் எதையும் சுட்டவில்லை.

சட்டம் சுட்டாமல் விட்ட அந்த இடைவெளியில் தில்லியின் அரசு மாளிகைகளுக்கு ஒரு தனி வரலாறு உருவாகிவிட்டது. முதல் பிரதமர் வாழ்ந்த மாளிகை அவர் மறைவுக்குப்பின் அடுத்தவருக்குச் செல்லவில்லை, அவருடைய நினைவிடமாயிற்று. அடுத்து வந்தவர்கள் ஆளுக்கொரு வீட்டில் வாழ்ந்தனர். அவற்றுள்ளும் சில நினைவிடங்களாயின. பதவிக்கான இல்லம் பதவியோடு இருக்க வேண்டும் என்பது குடியரசின் எளிய நெறி. இந்தியா அதை 1964இல் நழுவவிட்டது. மீட்பதற்கு 26 ஆண்டுகள் ஆயின, மீட்டதும் அரைகுறையாகவே. பிரதமருக்குப் புதிய இல்லம் ஒன்றைக் கட்டும் எண்ணம் மத்திய விஸ்டா திட்டத்தில் இடம்பெற்றுள்ள இவ்வேளையில் இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

புதுதில்லி என்னும் நகரமே பதவிகளின் படிநிலையைக் கல்லில் வடித்த நகரம். 1911 டிசம்பர் 12 அன்று நடந்த தில்லி தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ரைசினா, மால்சா முதலிய ஊர்களின் நிலங்கள் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டன. குன்றின் உச்சியில் லூட்டியன்ஸ் வடிவமைத்த வைஸ்ராய் மாளிகை எழுந்தது. 340 அறைகள் கொண்ட அக்கட்டடத்தில் 1929இல் முதலில் குடியேறியவர் இர்வின் பிரபு. அதற்குத் தெற்கே, தகுதியில் வைஸ்ராய்க்கு அடுத்த நிலையில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதிக்கு ஒரு மாளிகை கட்டப்பட்டு 1930இல் நிறைவுற்றது. கன்னாட் பிளேஸ் வட்டத்தை வடிவமைத்த ராபர்ட் டோர் ரஸ்ஸலே இதையும் வடிவமைத்தார். இதன் அன்றைய பெயர் பிளாக்ஸ்டாப் ஹவுஸ். எதிரே, முதல் உலகப்போரில் பாலஸ்தீனத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் போரிட்டு மடிந்த ஐதராபாத், மைசூர், ஜோத்பூர் சமஸ்தானங்களின் குதிரைப்படை வீரர்களுக்காக 1922இல் நிறுவப்பட்ட மூன்று சிலைகள் நின்றன. 'தீன் மூர்த்தி' என்றால் மூன்று சிலைகள். அப்பெயரே பின்னர் மாளிகைக்கும் வந்தது.

இப்படிநிலையில் பிரதமருக்கென்று ஒரு வீடு இல்லாததில் வியப்பில்லை. காலனிய இந்தியாவில் அப்படி ஒரு பதவியே இல்லை. 1946இல் இடைக்கால அரசில் இணைந்த நேரு யார்க் சாலையின் 17ஆம் எண் பங்களாவில் குடியிருந்தார். நள்ளிரவில் விடுதலை உரை நிகழ்த்தியபோதும் அதுவே அவர் முகவரி. அதிகாரம் கைமாறியபின் பெரிய மாளிகைகளை என்ன செய்வது என்னும் கேள்வி அப்போது உயிரோடிருந்தது. வைஸ்ராய் மாளிகையை மருத்துவமனையாக்கலாம் என்பது காந்தியின் எண்ணம். 1948 ஜூனில் அங்கே முதல் இந்தியத் தலைமை ஆளுநராகக் குடிபுகுந்த ராஜாஜி, வைஸ்ராய்கள் உறங்கிய பகட்டான அறைகளைத் தவிர்த்துச் சிறிய அறைகளைத் தேர்ந்துகொண்டார். உணவுப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில் தோட்டத்தின் ஒரு பகுதியை உழுது கோதுமை பயிரிடச் செய்தார். மாளிகை அங்கேயே நிற்க, அதற்குள் வாழும் முறையை மாற்றலாம் என்பது ராஜாஜி காட்டிய வழி. கடைசியில் நிலைத்ததும் அவ்வழியே. கட்டடம் அகற்றப்படவில்லை, வேறு பயனுக்குத் திருப்பப்படவும் இல்லை. 1950இல் அது ராஷ்டிரபதி பவன் ஆயிற்று.

1948 ஜனவரி 30 அன்று காந்தி சுட்டுக்கொல்லப்பட்டபின் பிரதமரின் பாதுகாப்பு பெருங்கவலையாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் நேரு தலைமைத் தளபதியின் மாளிகைக்கு மாறினார். காரணம் பாதுகாப்பே ஆயினும், அதன் குறியீட்டுப் பொருள் ஆழமானது. காலனியப் படைகளின் தலைவர் வாழ்ந்த வீட்டில், மக்களின் பேராளர்களுக்குப் பதில் சொல்லும் ஒருவர் குடியேறினார். படைத்துறை குடிமை ஆட்சிக்குக் கீழ்ப்பட்டது என்பதைப் புதிய நாடு ஒன்று இதைவிடத் தெளிவாகக் கட்டட மொழியில் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பொருள் நிலைத்திருக்க வேண்டுமானால், அம்மாளிகை ஒரு பிரதமரிடமிருந்து அடுத்த பிரதமருக்குக் கைமாறியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

ஏறத்தாழ 16 ஆண்டுகள் அங்கே வாழ்ந்த நேரு 1964 மே 27 அன்று மறைந்தார். ஆறு மாதங்களுக்குள், அவருடைய 75ஆம் பிறந்த நாளான நவம்பர் 14 அன்று, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அம்மாளிகையை நேரு நினைவு அருங்காட்சியகமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஜன்பத் சாலையின் 10ஆம் எண் வீட்டில் இருந்தபடியே நாட்டை நடத்தினார்.

அந்நாளைய துயரத்தின் அளவை இன்று குறைத்து மதிப்பிடுவது எளிது. விடுதலை இந்தியா அதுவரை வேறொரு பிரதமரைக் கண்டதில்லை. அவர் நூல்கள் அடுக்கப்பட்ட அறையில் இன்னொருவர் அமர்வதைக் கற்பனை செய்வதே பலருக்குப் பொறுக்க முடியாததாக இருந்திருக்கும். ஆனால் நிலையான நிறுவனங்களின் வேலையே அத்தகைய துயரத்தைக் கடந்து செல்வதுதான். அதற்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்னர், 1963 நவம்பரில், அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டு இறந்தார். உலகமே அழுதது. டிசம்பர் முதல் வாரம் முடிவதற்குள் லிண்டன் ஜான்சன் வெள்ளை மாளிகையில் குடியேறிவிட்டார். கென்னடிக்கு நினைவிடங்கள் எழுந்தன; வெள்ளை மாளிகை அவற்றுள் ஒன்றாகவில்லை.

லண்டனின் டவுனிங் தெரு 10ஆம் எண் இல்லத்தின் கதை இன்னும் தெளிவானது. 1730களில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அந்த வீட்டை ராபர்ட் வால்போலுக்கு அன்பளிப்பாகத் தர முன்வந்தார். தமக்குரிய சொத்தாக அதை ஏற்க வால்போல் மறுத்தார். கருவூலத்தின் முதல் பிரபு என்னும் பதவிக்குரிய இல்லமாகவே பெற்றுக்கொண்டு 1735இல் குடிபுகுந்தார். இன்றும் அவ்வீட்டுக் கதவின் அஞ்சல் துளையில் எவர் பெயரும் இல்லை. கருவூல முதல் பிரபு என்னும் பதவிப் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதிகாரம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுவதைக் குடிமக்கள் கண்ணால் காணும் இடம் அக்கதவு. முடியாட்சி நாட்டில் மன்னரிடமிருந்து வந்த கொடை பதவிக்குரியதாயிற்று. குடியரசு நாட்டில் பதவிக்குரிய வீடு ஒருவர் பெயருக்குரியதாயிற்று என்பது வரலாற்றின் முரண்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் தேவையில்லை என்போருக்குத் தில்லியிலேயே ஒன்று உண்டு. ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்றும் பக்ருதீன் அலி அகமது 1977 பிப்ரவரி 11 அன்றும் குடியரசுத் தலைவர் பதவியில் இருந்தபோதே மறைந்தனர். ராஷ்டிரபதி பவனை அவர்களுள் ஒருவருக்கு நினைவிடமாக்க வேண்டும் என்னும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. அது பதவிக்குரிய மாளிகை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றிருந்தது. தீன் மூர்த்தி அந்தத் தகுதியைப் பெறுமுன்னரே நினைவிடமாகிவிட்டது.

நேருவை நினைவுகூர வேறு இடம் இல்லாமலும் இல்லை. அலகாபாத்தின் ஆனந்த பவன் நேரு குடும்பத்தின் சொந்த வீடு. தேசிய இயக்கத்தின் பல முடிவுகளுக்குச் சாட்சியான வீடு. அதை இந்திரா காந்தி 1970இல் நாட்டுக்கு வழங்கினார்; அது அருங்காட்சியகமாயிற்று. ஒருவர் தம் சொந்த வீட்டை நாட்டுக்குத் தருவது கொடை. நாடு தன் அலுவல்முறை இல்லத்தை ஒருவர் நினைவுக்குத் தருவது வேறு வகைச் செயல். இரண்டும் பக்தி என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டதால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு மங்கிப்போனது.

தீன் மூர்த்தியின் மாற்றத்துக்கு ஆதரவாக ஆய்வுலகம் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அங்கே ஒரு நூலகம் பிறந்தது. 1966இல் தனி அமைப்பாகப் பதிவு பெற்று, பி. ஆர். நந்தாவை முதல் இயக்குநராகக் கொண்டு வளர்ந்த அந்நிறுவனம், தலைவர்களின் தனிப்பட்ட தாள்கள், வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், பழைய செய்தித்தாள்களின் நுண்படச் சுருள்கள் ஆகியவற்றைத் திரட்டி, நவீன இந்திய வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க முடியாத இடமாயிற்று. அரைநூற்றாண்டாக அங்கே ஆய்வேடு எழுதாத, குறைந்தது சில வாரங்களேனும் அமர்ந்து குறிப்பெடுக்காத நவீன வரலாற்றாய்வாளர்கள் சிலரே. இந்தப் பேறு மறுக்க முடியாதது. எனினும் அந்த நூலகம் மாளிகைக்குள் இயங்கி வளரவில்லை. அதற்கெனத் தனிக் கட்டடம் எழுப்பப்பட்டு 1974இல் குடியரசுத் தலைவர் வி. வி. கிரியால் திறந்துவைக்கப்பட்டது. ஆய்வாளருக்குத் தேவைப்பட்டவை தாள்களும் மேசையும். தளபதியின் வரவேற்பறையும் படுக்கையறையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நூலகத்தின் பயனைக் காட்டி மாளிகையின் மாற்றத்தை நியாயப்படுத்துவது, ஒன்றன் புகழை மற்றொன்றன் கணக்கில் எழுதுவதாகும்.

1964க்குப் பிறகு பிரதமரின் முகவரி ஆளுக்கு ஆள் மாறியது. 1979இல் பிரதமரான சரண் சிங் துக்ளக் சாலையின் 12ஆம் எண் வீட்டோடு நினைக்கப்படுபவர். இந்திரா காந்தி வாழ்ந்தது சப்தர்ஜங் சாலையின் 1ஆம் எண் பங்களாவில். அதை ஒட்டிய அக்பர் சாலை 1ஆம் எண் வீடு அவர் மக்களையும் விருந்தினரையும் காணும் அலுவலகம். இரண்டையும் இணைக்கும் தோட்டப் பாதையில் நடந்துசென்றபோதுதான் 1984 அக்டோபர் 31 காலை அவர் தம் மெய்க்காவலர்களால் சுடப்பட்டார். வீடு நினைவகமாயிற்று; அவர் விழுந்த இடமும் இறுதியாக உடுத்தியிருந்த புடவையும் இன்று பார்வைக்கு உள்ளன. இங்கே நியாயம் சற்றுச் சிக்கலானது. ஒரு நாட்டின் தலைவர் கொல்லப்பட்ட மண்ணுக்கு வரலாற்றுச் சான்று என்னும் மதிப்பு உண்டு. அவ்விடத்தில் இன்னொருவரைக் குடியமர்த்துவது எளிதன்று. ஆனாலும் இருபதாண்டுக்குள் இரண்டாம் முறையாகப் பிரதமரின் வீடு நினைவிடமானபோது, விதிவிலக்கு வழக்கமாக மாறியது.

வழக்கம் ஒன்று நிலைபெற்றால் அதன்மீது உரிமை கோருவோர் பெருகுவர். சாஸ்திரி வாழ்ந்த வளாகத்தின் ஒரு பகுதியில் அவருக்கு நினைவகம் அமைந்தது. ஜக்ஜீவன் ராம் பிரதமராகவில்லை. எனினும் கிருஷ்ண மேனன் மார்க்கின் 6ஆம் எண் வீடு அவர் நினைவகமாயிற்று. நடுவண் அமைச்சரவை, அரசு பங்களாக்களை இனி நினைவிடங்களாக்குவதில்லை என 2000இல் முடிவெடுத்தது. குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட அரசு வீடுகளில் எதிர்காலத்தில் நினைவிடங்களை அனுமதிக்கக்கூடாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. மறு ஆண்டே துக்ளக் சாலை 12ஆம் எண் வீட்டைச் சரண் சிங் நினைவகமாக்கக் கோரிப் போராட்டம் எழுந்தது, அரசு இணங்கவில்லை. 'அவருக்கு உண்டு, எங்கள் தலைவருக்கு ஏன் இல்லை' என்னும் கேள்வியில் உழவர் சமூகங்களின் மனக்குறை கலந்திருந்தது. அக்கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல முடியாமல் அரசு தடுமாறியதற்கு வேர் 1964இல் இருக்கிறது. முதல் விதிவிலக்கைக் கேள்வியின்றி ஏற்றவர்கள் அடுத்தடுத்த கோரிக்கைகளை நெறி பேசி மறுக்கும்போது, அந்த மறுப்பு பாகுபாடாகவே காதில் விழும்.

பிரதமர் பதவிக்கு ஒரு வீடு கடைசியில் கிடைத்தது. 1984இல் பதவியேற்ற ராஜீவ் காந்தி ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சென்றார். பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஐந்து பங்களாக்கள் ஒரே வளாகமாயின. வி. பி. சிங் ஆட்சியின்போது 1990இல் அவ்வளாகம் பிரதமரின் அலுவல்முறை இல்லமாக நிலையாக ஒதுக்கப்பட்டது. 2016இல் சாலையின் பெயர் லோக் கல்யாண் மார்க் என மாறியது. இந்த முடிவு நாடாளுமன்ற விவாதத்தில் விளைந்ததன்று. படுகொலைக்குப் பிந்தைய பாதுகாப்பு அச்சத்தில் தோன்றி, ஓர் அரசு ஆணையில் முடிந்தது. ஆயினும் அதன் விளைவு நல்லது. 2004இல் வாஜ்பாய் வெளியேறி மன்மோகன் சிங் உள்ளே வந்தார். 2014இல் மன்மோகன் சிங் வெளியேறி மோதி உள்ளே வந்தார். கட்சிகள் மாறின, கொள்கைகள் மாறின, வீடு மாறவில்லை. தோற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதும் வென்றவர் அதே வாசலில் நுழைவதும் தேர்தல் முடிவைப் போலவே குடியாட்சியின் சடங்குகள்.

நெறியைக் காப்பது இயலாத செயலன்று என்பதற்கும் சான்று உண்டு. பதவி விலகியபின் வாஜ்பாய் வாழ்ந்தது கிருஷ்ண மேனன் மார்க்கின் 6ஏ எண் வீட்டில். 2018இல் அவர் மறைந்தபோது அவர் கட்சியே ஆட்சியில் இருந்தது. எனினும் வீடு நினைவகமாகவில்லை. நினைவிடம் வேறோர் இடத்தில் அமைந்தது, வீடு மறு ஆண்டு ஓர் அமைச்சருக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே சாலையில் 6ஆம் எண்ணும் 6ஏ எண்ணும் இரு வேறு காலங்களின் இரு வேறு முடிவுகளாக அருகருகே நிற்கின்றன.

தீன் மூர்த்திக்குத் திரும்பினால், 2022 ஏப்ரல் 14 அன்று அவ்வளாகத்தில் எல்லாப் பிரதமர்களுக்குமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு நிறுவனத்தின் பெயரிலிருந்து நேருவின் பெயர் நீக்கப்பட்டது. அதையொட்டி எழுந்த சர்ச்சையில் ஒரு தரப்பு அதை வரலாற்றை அழிக்கும் செயல் என்றது. மறு தரப்பு ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும் செயல் என்றது. பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதிலேயே இரு தரப்பின் ஆற்றலும் கரைந்தது. அந்த மாளிகை ஏன் எவருடைய பெயரையேனும் தாங்க வேண்டும், பிரதமரின் இல்லமாகத் தொடர்ந்திருந்தால் இச்சண்டைக்கு இடமிருந்திருக்குமா என்னும் மூலக் கேள்வி எழுப்பப்படவே இல்லை. நினைவிடமாக்கியது ஒரு காலத்தின் அரசியல் என்றால், நினைவிடத்தின் பெயரை மாற்றியது இன்னொரு காலத்தின் அரசியல். இரண்டுமே கட்டடத்தைத் தலைவர்களுக்கான பீடமாகவே கண்டன.

வீட்டைக் குறித்த இக்குழப்பத்தின் நிழல் தாள்களின் மீதும் விழுந்துள்ளது. நேரு தொடர்பான ஆவணங்கள் அடங்கிய 51 பெட்டிகள் 2008இல் அந்நூலகத்திலிருந்து குடும்பத்தினரின் வேண்டுகோளின்பேரில் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றைத் திரும்பக் கேட்கும் வழக்காடல் இன்று அரசியல் மேடைகளில் நடக்கிறது. குடும்பம் ஒப்படைத்தவை குடும்பத்துக்குரியவை என்பது ஒரு வாதம். நாட்டின் தலைவர் பதவியிலிருந்தபோது எழுதியவை நாட்டுக்குரியவை என்பது மற்றொரு வாதம். அமெரிக்கா 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அதிபரின் அலுவல் ஆவணங்கள் அரசுக்கே உரியவை என்று வரையறுத்துவிட்டது. இந்தியாவின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் அரசு அலுவலகக் கோப்புகளைப் பற்றிப் பேசுகிறது; பிரதமரின் மேசையில் எது தனிப்பட்ட கடிதம், எது அலுவல் ஆவணம் என்னும் எல்லை இன்னும் வழக்காறுகளின் கையில் இருக்கிறது. வீடு யாருடையது என்று முடிவுசெய்யாத நாடு, அவ்வீட்டின் அலமாரியில் இருந்த தாள் யாருடையது என்றும் முடிவுசெய்யவில்லை.

புதிய இல்லம் எழும்போது லோக் கல்யாண் மார்க் வளாகம் காலியாகும். அன்று பழைய கேள்வி மீண்டும் வரும்: ஆறு பிரதமர்களுக்கு மேல் வாழ்ந்த அவ்வளாகம் என்னவாகும்? அங்கே வாழ்ந்தவருள் ஒருவர் பெயரால் அது நினைவகமாகக்கூடாது. இந்த விதிக்கு எக்கட்சித் தலைவரும் விலக்கல்லர். குடியிருப்பாகவே வேறு அலுவலர்களுக்கு அது பயன்படட்டும். புதிய இல்லம் அரசு ஆணையால் மட்டும் அன்றி நாடாளுமன்றச் சட்டத்தால் பிரதமர் பதவிக்குரியதாக வரையறுக்கப்பட வேண்டும். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாலே போதும். அந்த இல்லத்தில் உருவாகும் அலுவல் ஆவணங்கள் எவருடைய கட்சியும் குடும்பமும் கேட்டுப் பெற முடியாதபடி, குறித்த காலத்தில் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொல்லலாம்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. தேவைப்படுவது, தம் தலைவரின் பெயரில் ஒரு வீடு நிலைக்க வேண்டும் என்னும் ஆசையை ஒவ்வொரு கட்சியும் விட்டுக்கொடுப்பது. 1735இல் வால்போல் அதைத்தான் விட்டுக்கொடுத்தார்.